அந்தக் கேள்வியைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்

கோடை வந்துவிட்டால் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்களில் மெத்தைகள் விரிபடத் தொடங்கிவிடும். ஆனி முதல் ஆவணி வரை கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று ஒன்று முடிய ஒன்று வரும். பாரிசிலிருந்து மாமி, லண்டனிலிருந்து பெரியம்மாவின் பிள்ளைகள், ஜேர்மனியிலிருந்து சித்தப்பா, ஒஸ்லோவிலிருந்து சின்னக்கா. தொலைபேசியில் எல்லாரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "எங்களுக்குக் கனடாவுக்கு விசா தேவையில்லைத்தானே!"

உண்மைதான், விசா தேவையில்லை. ஆனால் விமானம் ஏற அனுமதி தேவை. மின்னணுப் பயண அனுமதி என்று அதற்குப் பெயர். இங்கே எல்லாரும் ஈ.ரி.ஏ. என்றுதான் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் இந்தப் படிவங்களை நிரப்பும் வேலை பல வருடமாக என் தலையில்தான். அதனால் மனதில் சேர்ந்துகிடக்கும் சிலவற்றை எழுதிவைக்க நினைக்கிறேன். எப்படி விண்ணப்பிப்பது என்று காட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. நான் சொல்ல வருவது அந்தப் படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி.

முதலில் விபரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசா விலக்குப் பெற்ற நாடுகளின் கடவுச்சீட்டோடு விமானத்தில் வருகிறவர்களுக்குக் கனடா இதை 2016 மார்ச் 15 முதல் கட்டாயமாக்கியது. விண்ணப்பம் வாங்குவது 2015 ஓகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. பலருக்குத் தெரியாமல் இருந்ததால் முதல் சில மாதங்கள் இறுக்கிப் பிடிக்காமல் விட்டார்கள். 2016 நவம்பர் 10 முதல் அந்தத் தளர்வும் போய்விட்டது. கட்டணம் 7 கனேடிய டொலர். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்குள் கடவுச்சீட்டு முடிந்தால் அனுமதியும் அன்றோடு முடியும். ஆளுக்கொரு விண்ணப்பம், கைக்குழந்தைக்கும் தனியாகப் போடவேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கு இது வேண்டாம். கனடாவில் விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கோ வேண்டும். தரை வழியாகவோ கடல் வழியாகவோ வருகிறவர்களிடம் கேட்கமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கனடா கண்டுபிடிக்கவில்லை. சிட்னி ஒலிம்பிக்கை முன்வைத்து 1996 இல் அவுஸ்திரேலியா தொடங்கிவைத்தது. அமெரிக்கா 2009 ஜனவரி 12 முதல் எஸ்ரா என்ற பெயரில் கட்டாயமாக்கியது. 2011 இல் பிரதமர் ஹார்ப்பரும் ஜனாதிபதி ஒபாமாவும் எல்லைப் பாதுகாப்புக்குச் செய்துகொண்ட உடன்பாட்டின் ஒரு பகுதியாகத்தான் கனடா இதைக் கையில் எடுத்தது. பயணி தங்கள் மண்ணில் வந்து இறங்கிய பிறகு விசாரிப்பதைவிட, புறப்பட முதலே விசாரித்துவிட வேண்டும் என்பதுதான் எல்லா நாடுகளுக்கும் இதில் உள்ள நோக்கம்.

அனுமதி கிடைத்தால் கடவுச்சீட்டில் எதையும் ஒட்டமாட்டார்கள். ஒரு மின்னஞ்சல் மட்டும் வரும். அனுமதி உங்கள் கடவுச்சீட்டு இலக்கத்தோடு கனடாவின் கணினியில் பிணைந்திருக்கும். பிராங்போட்டிலோ ஹீத்ரோவிலோ விமான நிறுவனத்தின் ஊழியர் கடவுச்சீட்டைக் கருவியில் வைத்ததும், இந்த ஆளை ஏற்றலாமா கூடாதா என்று கனடாவிலிருந்து பதில் வந்துவிடும். கூடாது என்று வந்தால் அந்த ஊழியரிடம் கெஞ்சிப் பலன் இல்லை. ஏற்றிக்கொண்டு வந்தால் நிறுவனமே பணம் கட்டவேண்டும், திருப்பிக் கொண்டுபோய் விடவும் வேண்டும்.

ஆக, எல்லை இடம் மாறிவிட்டது. முன்பு ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் குடிவரவு வரிசையில் இருந்த எல்லை இப்போது ஜேர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு, பேத்தியின் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. அங்கே அதிகாரியின் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டியவர் தாத்தா. ஆனால் அவர் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். பதில் சொல்வது பேத்தி. படிவம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது; ஜேர்மனியில் முதுமையை எட்டிய ஒருவருக்கு இரண்டும் தூரம். பேத்தி நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆம், இல்லை என்று கேட்கும் எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டு போவாள். அவளுக்குத் தெரிந்த தாத்தா எந்தப் பிழையும் செய்யாத மனிதர். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

என் கவலை முழுவதும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான்.

ஏனென்றால் கேள்விகள் சாதாரணமானவை அல்ல. எந்த நாடாவது, கனடா உட்பட, உங்களுக்கு எப்போதாவது விசாவோ அனுமதியோ மறுத்திருக்கிறதா? உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறதா? வெளியேறும்படி கட்டளையிட்டிருக்கிறதா? எந்த நாட்டிலாவது குற்றம் செய்தோ, கைதாகியோ, குற்றம் சாட்டப்பட்டோ, தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா? கடந்த இரண்டு வருடத்தில் காசநோய் இருந்ததா, காசநோய் உள்ளவரோடு நெருங்கிப் பழகினீர்களா? ஒரு டச்சுக்காரருக்கோ யப்பானியருக்கோ இவை வாசித்துக் கடந்துபோகும் வரிகள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையை விட்டு ஓடிவந்த ஒரு தலைமுறையிடம் 'எந்த நாடாவது உங்களைத் திருப்பி அனுப்பியதா' என்று கேட்பது வேறு விஷயம். திருப்பி அனுப்பப்படாமல் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

ஒரு கலியாணத்துக்கு வரவிருந்த ஜேர்மனிச் சித்தப்பாவின் மகளுக்கு, என் தங்கச்சிக்கு, படிவத்தை நான் நிரப்புகிறேன், நீ அப்பாவைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்து என்றேன். வட்சப் காணொளியில் இருவரும் வந்தார்கள். பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு இலக்கம், வேலை, முகவரி எல்லாம் சிரித்துக் கதைத்தபடி முடிந்தன. அந்தக் கேள்விக்கு வந்ததும் தமிழில் ஆறுதலாக வாசித்துக் காட்டினேன்.

சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. மகளை ஒருக்கால் பார்த்தார்.

"அது நாப்பது வருசத்துக்கு முந்தின கதை பிள்ளை. அதையும் சொல்லவேணுமோ?"

"எப்பவாவது எண்டுதான் சித்தப்பா கேட்டிருக்கு. இத்தனை வருசம் எண்டு கணக்குப் போடேல்லை."

அதன்பிறகு அவர் சொன்ன கதையில் பாதி எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறீட்ரிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்கி அகதியாகப் பதிந்தது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான எங்கள் பெடியள் போன பாதை அது. தெரியாத மற்றப் பாதி, அதற்கு முந்திய வருடம் நடந்தது. ஏஜென்சிக்காரன் கொடுத்த இன்னொருவரின் கடவுச்சீட்டோடு வேறொரு ஐரோப்பிய நாட்டில் இறங்கியிருக்கிறார். விமான நிலையத்திலேயே பிடித்து, ஓர் அறையில் வைத்திருந்து, வந்த வழியே ஏற்றிவிட்டார்கள். காணியை ஈடு வைத்து எடுத்த காசு அதோடு போய்விட்டது. ஊருக்குத் திரும்பிப் போன அந்த மாதங்களில் அவரோடு படித்த இருவரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. இதைச் சொன்னபோது அவர் குரல் தடுமாறவில்லை. தங்கச்சிதான் அழுதாள். "அப்பா, இதை நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றாள். "என்னத்தைச் சொல்லுறது, வந்திட்டன்தானே" என்றார்.

கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தினோம். அழுத்தியதும் விபரம் எழுத ஒரு பெட்டி திறந்தது. எந்த வருடம், எந்த நாடு, ஏன் திருப்பி அனுப்பினார்கள், பிறகு ஜேர்மனி அகதியாக ஏற்றது, பிறகு ஜேர்மன் குடியுரிமை கிடைத்தது என்று சுருக்கமாக, நடந்தது நடந்தபடி எழுதினோம். மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் வரும் பதில் அவருக்கு அன்று வரவில்லை. இன்னும் விபரம் தரும்படி மின்னஞ்சல் வந்தது. ஒரு கடிதமும் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதியும் அனுப்பினோம். கலியாணத்துக்கு நல்ல இடைவெளி இருந்தபடியால் யாரும் அந்தரப்படவில்லை. அனுமதி வந்தது; மாப்பிள்ளைத் தோழனுக்குப் பக்கத்தில் அவர்தான் நின்றார்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் பயப்படுவது தவறான இடத்தைப் பார்த்து. எப்போதோ ஒரு நாடு விசா மறுத்தது, அகதிக் கோரிக்கையை நிராகரித்தது, விமான நிலையத்தில் திருப்பியது என்பதற்காக மட்டும் கனடா கதவை மூடுவதில்லை. அதிகாரி முழு வாழ்க்கையையும் பார்த்து முடிவெடுப்பார். மறைப்பதுதான் கதவை மூடும். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, முக்கியமான விஷயத்தைப் பொய்யாகச் சொன்னவரையும் சொல்லாமல் விட்டவரையும் ஐந்து வருடத்துக்கு நாட்டுக்குள் வரமுடியாதவராக்குகிறது. பேத்தி அழுத்திய 'இல்லை' சட்டத்தின் கண்ணில் தாத்தா சொன்ன 'இல்லை'. அவளுக்குத் தெரியாது என்பது அவருக்கு உதவாது. கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் மனதில் வைத்திருங்கள். ஆனால் பிடிபடுவோம் என்ற பயத்துக்காக உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதானவரின் வாழ்க்கையை அவரிடம் கேட்காமல் நாங்கள் எழுதக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

குற்றம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். லண்டனிலோ பாரிசிலோ குடித்துவிட்டு வாகனம் ஓடிப் பிடிபட்டு, தண்டப்பணம் கட்டி, சாரதிப் பத்திரம் சில காலம் பறிபோய், பிறகு மறந்துபோன கதைகள் எங்களிடம் இல்லாமல் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருப்பார்கள். 2018 டிசம்பரில் கனடா தன் சட்டத்தை மாற்றி, குடிபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையைப் பத்து வருடமாக்கியது. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரிய குற்றமாகிவிட்டது. அப்படியொரு தீர்ப்பு இருப்பவர் ஈ.ரி.ஏ. படிவத்தில் கைவைக்க முதல் ஒரு குடிவரவு வழக்கறிஞரோடு கதைப்பது நல்லது. தண்டனை முடிந்து ஐந்து வருடம் கழிந்தவர்கள் தாம் திருந்திவிட்டதாக ஏற்கும்படி விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. தற்காலிக அனுமதிக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டும் ஏழு டொலர் வேலையும் அல்ல, ஒரு கிழமை வேலையும் அல்ல.

ஆகவே, உறவினருக்கு நிரப்பிக் கொடுக்கும் இளம் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள்: அந்தக் கேள்விகளைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மற்ற ஆட்கள் கூட்டமாக இருக்கும்போது வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேளுங்கள். அவர் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல விரும்பாததும் இருக்கலாம். அப்படியென்றால் படிவத்தை அவருடைய வயதுக்காரர் ஒருவர் நிரப்பட்டும். தொடக்கத்திலேயே, வேறொருவருக்காக விண்ணப்பிக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். அதற்கும் உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. விசா வேண்டாம் என்ற சலுகை கடவுச்சீட்டைப் பார்த்துக் கிடைக்கிறது, வாழும் நாட்டைப் பார்த்து அல்ல. இது ஒவ்வொரு கோடையும் யாராவது ஒருவருக்கு இடியாக இறங்குகிறது. சுவிசில் முப்பது வருடமாக வேலை செய்து, நிரந்தரமாக வாழ விடும் சி அனுமதியும் வைத்திருந்து, ஆனால் இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கிறவர்கள் பலர். பிரான்சில் அகதிப் பயணப் பத்திரத்தோடு வாழும் தாய்மார் பலர். இவர்களுக்கு ஈ.ரி.ஏ. கிடையாது. வருகையாளர் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்: 100 டொலர் கட்டணம், கைரேகைக்கும் படத்துக்கும் 85 டொலர், வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், காத்திருப்பு. ஒரே வீட்டில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ள மகன் ஏழு டொலரோடு புறப்படுவார். அகதிப் பத்திரம் உள்ள அம்மா வரிசையில் நிற்பார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மூத்த அக்காவுக்கும் அதே வரிசைதான்.

2023 ஜூன் 6 அன்று கனடா 13 நாடுகளுக்கு ஈ.ரி.ஏ. வழியைத் திறந்தது: பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மொரோக்கோ, ஆர்ஜென்ரீனா முதலியவை. கடந்த பத்து வருடத்துக்குள் கனடிய விசா வைத்திருந்தவர்கள் அல்லது செல்லுபடியாகும் அமெரிக்க விசா இப்போது வைத்திருப்பவர்கள் மட்டும், விமானத்தில் வருவதென்றால், ஈ.ரி.ஏ. எடுக்கலாம் என்றது. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒருமுறை விசா எடுத்து வந்து, ஒழுங்காகத் திரும்பிப் போன அம்மாக்களுக்காவது இந்த வழி திறக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். தந்த சலுகையைத் திருப்பி எடுப்பதும் நடக்கும். மெக்சிக்கோவுக்கு 2016 டிசம்பரில் விசாவை நீக்கிய கனடா, 2024 பெப்ரவரி 29 இரவு பெரும்பாலான மெக்சிக்கர்களுக்கு அதை மறுபடி கொண்டுவந்தது.

படிவம் ஏற்காமல் தடுக்கும் வேறு இரண்டு கூட்டத்தினரும் எங்களிடம் இருக்கிறார்கள். ஒன்று, ரொறன்ரோவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரோடு லண்டனுக்குப் போன பிள்ளைகள். அவர்கள் பிறப்பால் கனடியக் குடிமக்கள். கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தாலும் ஈ.ரி.ஏ. எடுக்கமுடியாது, கனடியக் கடவுச்சீட்டில்தான் விமானம் ஏறவேண்டும். முன்பு கனடியக் கடவுச்சீட்டோ குடியுரிமைச் சான்றிதழோ வைத்திருந்தவர், பயணத்துக்குப் பத்து நாளுக்கும் குறைவாக இருக்கையில், ஒரு விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது நாலு நாள்தான் செல்லும்.

மற்றது, ஒரு காலத்தில் பிள்ளையின் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து நிரந்தர வதிவிடம் பெற்று, பிறகு மற்றப் பிள்ளையோடு இருக்கவென்று ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போன அம்மா அப்பாக்கள். அட்டை காலாவதியாகிவிட்டது, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. முறைப்படி கைவிடும்வரை அல்லது அதிகாரி ஒருவர் பறிக்கும்வரை அவர்கள் கனடாவின் கணக்கில் நிரந்தர வதிவாளர்கள்தான். நிரந்தர வதிவாளருக்கு ஈ.ரி.ஏ. கொடுக்கமாட்டார்கள். வருகையாளராக வர விரும்பினால் முதலில் அந்த உரிமையைக் கைவிடும் விண்ணப்பம் போடவேண்டும். கைவிடுவதா என்று யோசிக்க நேரம் வேண்டும். அதைக் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கண்டுபிடிப்பது கொடுமை.

சின்னச் சின்ன விஷயங்களிலும் கவனம் வேண்டும். கடவுச்சீட்டு இலக்கத்தை ஓரெழுத்து மாறிப் பதிந்தால் அந்த அனுமதி இல்லாததற்குச் சமன். ஜேர்மன் கடவுச்சீட்டு இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து வரவே வராது, வட்டமாகத் தெரிவதெல்லாம் பூச்சியம்தான். புதுக் கடவுச்சீட்டு எடுத்தால் பழைய அனுமதி அதோடு வராது. மறுபடி ஏழு டொலர் கட்டி எடுக்கவேண்டும். தேடுபொறியில் தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் பல, அரசாங்கத் தளம்போலத் தோற்றம் காட்டிப் பல மடங்கு பணம் வாங்குகின்றன. அரசின் தளம் 'கனடா டொட் சிஏ' மட்டும்தான். பாதி நிரப்பிச் சேமித்துவைக்கும் வசதி இல்லாதபடியால் கடவுச்சீட்டு, வங்கி அட்டை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தெழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியைப் பயணிக்கிறவருடைய வீட்டில் தினமும் பார்ப்பவருடையதாகக் கொடுங்கள். அவர்கள் இன்னும் விபரம் கேட்டால் அங்கேதான் கேட்பார்கள். வேறு தொலைபேசி அழைப்பு வராது.

நயாகரா பற்றியும் ஒரு சொல். வருகிற எல்லாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவோம். அருவியைக் கனடாப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் வடிவு. பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கமும் போய்வரலாம் என்று ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் ஆசைப்பட்டால், 2022 ஒக்டோபர் முதல் தரை வழிக்கும் எஸ்ரா வேண்டும். 21 டொலராக இருந்த அதன் கட்டணத்தை 2025 செப்டெம்பர் 30 முதல் 40 அமெரிக்க டொலர் ஆக்கிவிட்டார்கள். 2011 மார்ச் 1 முதல் ஈரான், ஈராக், சிரியா போன்ற நாடுகளுக்குப் போய்வந்தவர்களுக்கும், 2021 ஜனவரி 12 முதல் கியூபா போனவர்களுக்கும் எஸ்ரா கிடையாது, நேரே விசாதான். குளிர்காலத்தில் கியூபாக் கடற்கரைக்குப் போவது இங்கே வழக்கம் என்பதால், அங்கே கூட்டிக்கொண்டு போகவிருக்கும் விருந்தினருக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள்.

ஈ.ரி.ஏ. கையில் இருந்தாலும் பியர்சனில் இறங்கியதும் எல்லை அதிகாரி கேள்வி கேட்பார். எவ்வளவு நாள், எங்கே தங்குவீர்கள், ஏன் வந்தீர்கள். வழமையாக ஆறு மாதம் தங்க விடுவார்கள். பேரப்பிள்ளை பிறப்புக்கு வந்த அம்மம்மா இன்னும் கொஞ்சம் நிற்க விரும்பினால், அந்த ஆறு மாதம் முடிவதற்கு ஒரு மாதமாவது முன்னதாக நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி ஐந்து வருடம் செல்லும் என்றால் ஐந்து வருடம் நிற்கலாம் என்று விளங்கிக்கொண்ட ஆட்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது. யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்தவில்லை.

இப்போது இது ஒருபக்கப் பாதையும் அல்ல. கனடியக் கடவுச்சீட்டோடு நாங்கள் லண்டன் போவதற்கு 2025 ஜனவரி 8 முதல் பிரித்தானியா தன்னுடைய மின்னணு அனுமதியைக் கேட்கிறது. 10 பவுணாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலிலேயே 16 ஆனது. இரண்டு வருடம் செல்லும். ஐரோப்பிய ஒன்றியமும் தனது முறையைக் கொண்டுவரப்போகிறது, கட்டணம் 20 யூரோ என்று அறிவித்திருக்கிறார்கள். இலங்கைக்கும் 2012 முதல் இதே ஏற்பாடுதான். பிறந்த ஊருக்குப் போவதற்கு இணையத்தில் படிவம் நிரப்பும்போது எனக்கு வரும் உணர்வை இன்னொரு நாள் எழுதவேண்டும். சொந்தங்கள் ஏழெட்டு நாடுகளில் சிதறிய ஒரு சமூகத்துக்கு, ஒவ்வொரு நல்லது கெட்டதும் இத்தனை கணினிகளின் சம்மதத்தோடுதான் நடக்கிறது.

கலியாணத்துக்கு நாள் குறிக்கலாம், செத்தவீட்டுக்கு முடியாது. இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துசேரட்டும் என்று உடலைச் சில நாள் வைத்திருப்பார்கள், பிறகு பார்வைக்கு வைத்துத் தகனம் செய்வார்கள். அந்தச் சில நாளுக்குள் படிவம், பதில், ரிக்கற், பயணம் எல்லாம் நடக்கவேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஐரோப்பாவில் இருந்த மூத்த மகள், முன்பு எடுத்த ஈ.ரி.ஏ. இருக்கிறதென்று நம்பி விமான நிலையத்துக்கு வந்துவிட்டார். இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தார். நல்லவேளையாக வரிசையில் நின்றபடியே விண்ணப்பித்து, வாசல் மூடுமுன் அனுமதி வந்தது. அவருக்குக் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையிலேயே 'இல்லை' என்ற பதில் இருந்தது. எங்கள் சித்தப்பாவாக இருந்திருந்தால் அன்று ஏறியிருக்கமாட்டார்.

அதனால் கனடாவில் அம்மா அப்பாவோ கூடப்பிறந்தவர்களோ இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். வரும் எண்ணம் இந்த வருடம் இல்லாவிட்டாலும் விண்ணப்பித்து வையுங்கள். கடவுச்சீட்டு மாறினால் அந்த வாரமே மறுபடி எடுங்கள். வீட்டில் அகதியாக வந்து குடியுரிமை பெற்ற மூத்தவர்கள் இருந்தால் அவர்களுடையதை முதலில் செய்யுங்கள்; அவர்களுக்குத்தான் நேரம் பிடிக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் கதைக்காதீர்கள்.